மூடிய உறைக்குள் பன்னிரண்டு எழுத்து

மார்ச் 3, திங்கள்

பதினோரு ஆண்டுகால ஊழியத்தில் முதன்முறையாக, இன்று முற்பகல் என்னிடம் விளக்கம் கோரும் கடிதம் ஒன்று தரப்பட்டது. மற்றவர்கள் இதை ‘மெமோ’ என்கிறார்கள். பெயரைச் சுருக்கினால் அவமானமும் சுருங்கிவிடும் என்ற நினைப்பு போலும்.

சென்ற வெள்ளியன்று பகல் ஒன்றரை மணிக்கு, ஒருவருடைய சிறுநீரகப் பரிசோதனை அறிக்கை வேறொருவர் பெயரில் எங்கள் ஆய்வகத்திலிருந்து வெளியே சென்றிருக்கிறது. வெளியிட்டவர் யார் என்று கேட்டால், கணினி என் பெயரைக் காட்டுகிறது. அந்நேரம் நான் உணவறையில் இருந்தேன். மேலாளரிடம் அதைத் தெரிவித்தேன்.

“நீங்க எங்க இருந்தீங்கன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதும்மா. உங்க பேர் இருக்கு, அவ்வளவுதான்.”

அவருக்குத் தெரியாதா என்ன? ஆய்வகம் முழுவதற்கும் ஒரே கடவுச்சொல். அதுவும் ஒவ்வொரு திரையின் ஓரத்திலும் மஞ்சள் தாளில் எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது. போதாக்குறைக்கு, நுண்ணோக்கி அறைப் பெண் இருக்கிறாள். வானொலி என்பது நாங்கள் அவளுக்கு இட்ட பெயர். புதியவர் யாரேனும் கேட்டால் மூன்று அறைக்குக் கேட்கும்படி ஒலிபரப்புவாள்: “லேப் ஒன் டூ த்ரீ! எல்லாம் சின்ன எழுத்து!”

இன்னொரு கடிதம் வருமானால் அறிக்கைப் பிரிவின் பொறுப்பு என்னிடமிருந்து எடுக்கப்படும் என்று கடைசி வரியில் கண்டிருக்கிறது. அதன் பிறகு மாதிரி வாங்கும் ஜன்னல்தான். குப்பியை வாங்கு, எண்ணை ஒட்டு, அடுத்தவரைக் கூப்பிடு. பத்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டு, பழைய செய்தித்தாள்களைப் பார்த்துப் பார்த்துத் தட்டச்சு பழகி, அஞ்சல்வழியில் பட்டமும் பெற்று, எவர் தயவுமின்றி நான் வந்து அமர்ந்த நாற்காலி அது.

மார்ச் 4

விளக்கம் அளித்தேன். முப்பத்திரண்டு வரிகள். மேலாளர் முதல் இரண்டு வரிகளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“சுருக்கமா சாரின்னு எழுதக் கூடாதா?”

கூடாது.

மார்ச் 6

வானொலிதான். வேறு யாராக இருக்க முடியும்? வெள்ளியன்று உணவறையிலிருந்து நான் திரும்பியபோது என் நாற்காலியில் அவள் அமர்ந்திருந்தாள். இன்று நேரில் கேட்டேன்.

“சும்மா உக்காந்தேன்க்கா. உங்க சீட்லதான் ஏசி நல்லா வருது.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். கை நீளும் முன் எழுந்து வந்துவிட்டேன்.

மார்ச் 8

ஆளுக்கொரு கடவுச்சொல் வேண்டும் என்று கணினி பராமரிப்பாளரிடம் முறையாகக் கோரினேன். எந்தக் கோளாறு சொன்னாலும் அணைத்துவிட்டு மீண்டும் போடுவதால் இவருக்கு ஆஃப்-ஆன் என்று பெயர்.

“பதினாலு பேருக்கு நான் உக்காந்து யோசிக்கணுமா மேடம்? அவங்களையே வெக்கச் சொன்னா புள்ள பேரும் பொறந்த தேதியும் வெப்பாங்க. வேணும்னா நீங்களே ஒரு புரோகிராம் எழுதிடுங்களேன்.”

சொல்லிவிட்டு வானொலியைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் ஒலிபரப்பினாள்: “ஐயோ, அக்கா புரோகிராம் எழுதினா அதுவும் ‘ஐயா, வணக்கம்’னுதான் ஆரம்பிக்கும்!”

எழுதுகிறேன்.

மார்ச் 9, ஞாயிறு

பைதான் என்ற கணினி மொழியைத் தொடங்கினேன். இலவசக் காணொளிகள், நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம், என் கணவருடைய பழைய மடிக்கணினி. கடவுச்சொல் ஆக்கும் நிரல் என்பது கற்றுக்குட்டிகளுக்கான முதல் பயிற்சிகளுள் ஒன்றாம். அந்தச் சொல்லைக் காணொளிக்காரர் மூன்று முறை கூறினார். மூன்று முறையும் எனக்கு எரிந்தது.

என் நாத்தனார் கணினியியலில் முதுகலை. நிறுவனத்தைக் கலைத்துவிட்டார்கள் என்று நான்கு மாதமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“என்ன அண்ணி, இந்த வயசுல பைதானா?”

“உன் வயதில் வேலையின்றி இருப்பதைவிட இது மேல்” என்றேன்.

கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனாள். அவர் கூடத்திலிருந்து, “ரெண்டு பேரும் மெதுவா சண்ட போடுங்க, நியூஸ் கேக்கல” என்றார்.

மார்ச் 11

பிழை. பிழை. பிழை. ஒரு முக்காற்புள்ளியை விட்டதற்கு மாமியாரைப் போல் முறைக்கிறது.

மார்ச் 13

அதிகாலை எழுந்து அமர்ந்தேன். இன்று ஓடியது! எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு தொகுதியிலிருந்து, சீட்டுக் குலுக்கிப் போடுவதைப் போல் ஒவ்வொன்றாக எடுத்து, பன்னிரண்டு சேர்ந்ததும் ஒரு கடவுச்சொல்லாகக் கொடுக்கிறது. அச்சில் ஒன்றுபோல் தோன்றி ஏமாற்றும் எழுத்துகளை முன்கூட்டியே நீக்கிவிட்டேன். எந்தக் காணொளியிலும் இல்லாத திருத்தம் அது. கையெழுத்து புரியாத மருத்துவச் சீட்டுகளோடு பதினோரு ஆண்டு மல்லுக்கட்டியவளுக்குத்தான் அது தோன்றும்.

நிரலுக்குள் வரும் பெயர்களையெல்லாம் தமிழிலேயே இட்டேன். ‘கடவுச்சொல்’, ‘எழுத்துத்தொகுதி’, ‘ஊழியர்_எண்ணிக்கை’. பைதான் மறுக்கவில்லை. மறுத்தவள் நாத்தனார்தான்.

“தமிழ்ல யாராவது கோட் எழுதுவாங்களா அண்ணி? ஆஃபீஸ்ல பாத்தா சிரிப்பாங்க.”

சிரிப்பவர்கள் எனக்குப் புதியவரல்லர்.

மார்ச் 16, ஞாயிறு

ஏழு பேருக்கு ஒரே ஓட்டத்தில் ஏழு சொல் வரவேண்டும். சில சமயம் ஆறுதான் வருகிறது. ஒவ்வொரு முறையும் விடை மாறிக்கொண்டே இருப்பதால் கோளாறு எங்கே என்று பிடிபடவில்லை. மூன்று மணிநேரம் போயிற்று. நாத்தனார் வாசற்படியில் நின்று, நான் கேளாமலே கூறினாள்: ரேண்டம் டாட் ஸீட் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ஏதேனும் ஓர் எண்ணைக் கொடுத்தால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடைதான் வருமாம். சோதித்துப் பார்க்க வசதியாம்.

ஏழு என்று கொடுத்தேன். விடை அசையாமல் நின்றது. கோளாறு கால் மணியில் அகப்பட்டது. அவள் மேலும் ஏதோ சொல்ல வாய் திறந்தாள்.

“போதும். மீதி எனக்குத் தெரியும்” என்றேன்.

மார்ச் 20

மேலாளர் ஒப்புதல் அளித்தார். ஆர்வத்தால் அன்று, மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்களாம், மஞ்சள் தாள்கள் கண்ணில் படக் கூடாதாம். ஆஃப்-ஆன் என் நிரலைத் திறந்து பார்த்து, “இது என்ன, செய்யுளா?” என்றார். ஒரு வரியையும் அவர் வாசிக்கவில்லை என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்தது, ஒப்பம் மட்டும் இட்டார்.

மார்ச் 24, திங்கள்

காலைப் பிரிவினர் எழுவருக்கு உறைகளை வழங்கினேன். வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி நிரலை ஓட்டி, தாளை நறுக்கி, மடித்து, ஒட்டி, மேலே எண்ணிட்டு. முதல் உறை எனது. இரண்டாவது வானொலியுடையது. உள்ளே விதிகளும் வைத்தேன்: பிறரிடம் கூறலாகாது, எழுதி ஒட்டலாகாது, தட்டும்போது பிறர் பார்க்கும்படி இருத்தலாகாது. எவருடைய சொல்லுக்கும் என்னிடம் நகலில்லை. அழித்துவிட்டேன்.

“பன்னெண்டு எழுத்தா? என் பேரே அஞ்சுதான்!” என்றாள் வானொலி.

மஞ்சள் தாள்கள் பதினொன்றை என் கையால் கிழித்தேன். மிக இனிய ஓசை.

மார்ச் 25

மாலைப் பிரிவினர் எழுவர். அதே முறை. முடிந்தது.

ஏப்ரல் 3, வியாழன்

எழுதும்போதே கை துள்ளுகிறது. வானொலிக்குக் கடிதம்! நேற்று மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, மருத்துவர் பார்வையிடாத தைராய்டு அறிக்கை ஒன்று அவள் பெயரில் வெளியாகியிருக்கிறது.

“நான் இல்ல சார்! நான் மைக்ரோஸ்கோப்ல இருந்தேன். சத்தியமா நான் இல்ல!”

“இப்ப ஆளுக்கொரு பாஸ்வேர்டு இருக்கேம்மா. உங்களுது உங்களுக்கு மட்டும்தானே தெரியும்?” என்றார் மேலாளர்.

அந்தக் கேள்வியைச் சாத்தியமாக்கியவள் நான். உணவறையில் இன்று சோறு ருசித்தது. போன மாதம் நான் நின்ற அதே இடத்தில் அவள் நின்றாள், கண் கலங்கியிருந்தது. எனக்கு யார் கலங்கினார்கள்? ஒரு குருவிகூட இல்லை.

அவளுக்கும் இதற்கு முன்பே ஒரு கடிதம் உண்டு. இது இரண்டாவது. போகட்டும் ஜன்னலுக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு, பிற்பகல்

நாளை புதிதாக ஒருவர் சேருகிறார். அவருக்கான உறையைத் தயாரிக்க மடிக்கணினியைத் திறந்து, ஊழியர் எண்ணிக்கையை ஒன்று எனக் கொடுத்து ஓட்டினேன்.

திரையில் வந்தது என்னுடைய கடவுச்சொல்.

தினம் நான்கு முறை தட்டும் பன்னிரண்டு எழுத்துகள். எனக்குத் தெரியாதா? மீண்டும் ஓட்டினேன். அதுவே. மீண்டும். அதுவே. எண்ணிக்கையை ஏழாக்கினேன், என்னுடையது முதலில், பிறகு ஆறு.

ரேண்டம் டாட் ஸீட், ஏழு. அந்த வரி அப்படியே இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

அப்படியானால் திங்களன்று வந்த ஏழும் செவ்வாயன்று வந்த ஏழும் ஒன்றே. பதினான்கு உறை, ஏழே சொற்கள். ஐயோ, என்ன செய்துவிட்டேன். என்ன செய்துவிட்டேன் நான்.

வானொலியுடைய உறை காலைப் பிரிவில் இரண்டாவது. மாலைப் பிரிவில் இரண்டாவது, மாதிரிகளைப் பதிவு செய்யும் மாலைக்காரர். மூன்று மணிக்குப் பணிக்கு வருபவர். எங்கள் மென்பொருளில் கடைசியாக உள்ளே சென்றவரின் பெயர் திரையில் அப்படியே நிற்கும். நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் அவசரக்காரர். பெயரை மாற்ற மறந்து, தம்முடைய சொல்லைத் தட்டியிருப்பார். வேறு சொல்லாக இருந்திருந்தால் கணினி கதவைத் திறந்திருக்காது. திறந்தது. அவள் பெயரில் திறந்தது. அவருக்கே இது தெரிந்திராது.

ஏப்ரல் 6, மாலை

நாத்தனாரிடம் பாய்ந்தேன். வேண்டுமென்றே என்னைக் கவிழ்த்தாய் என்றேன். நாக்கில் வந்ததையெல்லாம் சொன்னேன். இங்கே எழுத மாட்டேன்.

“சோதிச்சு முடிச்சதும் எடுத்துடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் போதும்னீங்க.”

“அதன் பிறகு சொல்வதற்கென்ன? நாக்கு இல்லையா?”

“கேக்காம சொன்னா கடிக்கிறீங்க. கேட்டா கௌரவம் போயிடும்னு கேக்கவும் மாட்டீங்க. உங்களுக்குப் பாடம் எடுக்க எனக்கென்ன தலையெழுத்தா?”

பிறகு அவளே மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, ரேண்டம் என்பதே இந்த வேலைக்கு உதவாது, பாதுகாப்புக்கென்று ஸீக்ரெட்ஸ் என்று தனியே ஒன்று இருக்கிறது என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். நானும் அவளைப் பார்க்காமலே எழுதிக்கொண்டேன்.

புதிய நிரல் ஆயத்தம். பதினாறு எழுத்து. இருபது முறை ஓட்டினேன், ஒன்றும் திரும்ப வரவில்லை.

இப்போது ஒரு சுற்றறிக்கை போதும்: ‘பாதுகாப்பு மேம்பாட்டின் பொருட்டு, அனைவருடைய கடவுச்சொற்களும் காலமுறைப்படி புதுப்பிக்கப்படுகின்றன.’ உண்மையில் அழகான வாக்கியம். எவரும் ஐயுற மாட்டார்கள். மேலாளருக்குத் தெரிந்தால் நாற்காலி போகும். தெரிந்தால்தானே?

நாத்தனார் அதையும் எட்டிப் பார்த்தாள். “பொய்யக்கூட நல்லாதான் எழுதுறீங்க.”

ஏப்ரல் 7, திங்கள்

சுற்றறிக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். கொடுக்குமுன் வானொலி என் மேசைக்கு வந்தாள். குரல் இறங்கிப் போயிருந்தது. பக்கத்து அறைக்குக்கூடக் கேட்டிராது.

“அக்கா, நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுக்கணும். எனக்கு எழுத வராது. நீங்க எழுதினா சார் நம்புவார்.”

“எனக்கு மெமோ வந்தபோது நீ சிரித்தாய்” என்றேன்.

“சிரிச்சேன்தான். இப்ப எழுதிக் குடுப்பீங்களா, மாட்டீங்களா?”

“அன்று என் நாற்காலியில் இருந்து அந்த அறிக்கையை அனுப்பியது நீதானே?”

“தெரியலக்கா. அன்னிக்கு ரெண்டு மூணு அனுப்பினேன். யார் பேர்ல திறந்திருந்துச்சுன்னு நான் பாக்கல. அப்பல்லாம் யாரு பாத்தா?”

திமிர் பிடித்தவள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயில் வராது. பகல் இடைவேளையில் அவளுக்காக எழுத அமர்ந்தேன். ‘ஐயா, குறிப்பிட்ட நேரத்தில் நான் நுண்ணோக்கி அறையில் பணியில் இருந்தேன். எனவே அவ்வறிக்கையை வெளியிட்டவர்…’

அங்கே நின்றுவிட்டது. அந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதினேன், அடித்தேன். ‘அறியேன்’ என்று எழுதினேன். அது அவளுக்கு உண்மை, ஆனால் எழுதும் கை என்னுடையது. ஐந்து தாள் கிழிந்தது. முப்பத்திரண்டு வரி எழுதத் தெரிந்தவளுக்கு மூன்றாவது வரி வரவில்லை.

அவள் மேல் எனக்கு இரக்கம் என்று எவரும் கருத வேண்டாம். எனக்கு அவளைப் பிடிக்காது. ஆனால் அந்த நிரல் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை என் கையால் ஆனது. அதில் உள்ள பிழையும் என்னுடையது. என் பொருளின்மீது அவள் பெயரை எப்படி ஒட்ட விடுவேன்?

சுற்றறிக்கையைக் கிழித்தேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நடந்ததை எழுதி மேலாளரிடம் கொடுத்துவிட்டேன். ஆறே வரிகள்.

மேலாளர் முழுவதையும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். மாலைக்காரரை அழைத்து, அவர் சொல்லைத் தாளில் எழுதச் சொன்னார். வானொலியையும் தனியாக எழுதச் சொன்னார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பன்னிரண்டும் பொருந்தின. மாலைக்காரர் வியர்த்துப்போய், “பேர மாத்தினேனான்னு ஞாபகம் இல்ல சார். பாஸ்வேர்டு போட்டேன், திறந்துச்சு, வேலையப் பாத்தேன்” என்றார்.

ஆஃப்-ஆன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பதினாலு பேருக்கு ஏழு சாவியா! நல்லா இருக்கு மேடம் உங்க செய்யுள்!”

“மார்ச் இருபதாம் தேதி இந்த நிரலைப் பார்வையிட்டு ஒப்பமிட்டவர் தாங்கள்” என்றேன். “உள்ளே ஒரு வரியேனும் தாங்கள் வாசித்திருந்தால், இந்தச் சிரிப்பு அன்றைக்கே வந்திருக்கும்.”

சிரிப்பு நின்றது. மேலாளர் அவரைப் பார்த்த பார்வை எனக்குச் சற்று ஆறுதல்.

வானொலி தாழ்வாரத்தில் வழிமறித்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்து நான் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டேன்.

“எப்பத் தெரியும் உங்களுக்கு?”

“ஞாயிற்றுக்கிழமை.”

“நேத்து நான் வந்து கெஞ்சினப்பத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் வாயக் கிளறினீங்க. நாலு நாளா எனக்குச் சோறு இறங்கல.” மூச்சு வாங்கினாள். “இனிமே உங்கள அக்கான்னு கூப்பிட மாட்டேன்.”



ஏப்ரல் 10

அவர் இன்று மாலை கேட்டார்: “நீயே போய்ச் சொல்லணுமா? யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?” நாத்தனார் அடுக்களையிலிருந்து, “அதுக்கு அண்ணியா இருக்கணும்ண்ணா” என்றாள். புகழ்ச்சியா, குத்தலா? கேட்கவில்லை.

ஏப்ரல் 16, புதன்

ஆணை வந்தது. அறிக்கைப் பிரிவின் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறேன். மாதிரி வாங்கும் ஜன்னல், மறு உத்தரவு வரை. வானொலிக்குத் தந்த கடிதம் திரும்பப் பெறப்பட்டது. இரண்டாம் பத்தியில் மேலும் ஒன்று: ‘திருத்தப்பட்ட நிரல் தொடர்ந்து பயன்படுத்தப்படும், இயக்கும் பொறுப்பு கணினி பராமரிப்பாளரைச் சாரும்.’

என் நிரல், அவர் கையில். ஒவ்வொரு வரிக்கும் மேலே அதன் நோக்கத்தைத் தமிழில் விளக்கி எழுதி ஒப்படைத்தேன். ‘இவ்வரியை நீக்குதல் ஆகாது’ என்று நான்கு இடங்களில். அவர் தலையெழுத்து, வாசிக்கட்டும்.

ஏப்ரல் 17

ஜன்னலில் ஏசி வருவதில்லை.

மே 5

நூற்றுப்பதினெட்டுக் குப்பிகள். பேசிய வாக்கியங்கள் மூன்று வகை: பெயர் என்ன, வெறும் வயிறா, அடுத்தவர். தமிழ் துருப்பிடிக்கிறது.

மே 22

நாத்தனாருக்கு வேலை கிடைத்துவிட்டது. அடுத்த வாரம் அறை காலியாகும். நல்லது, அமைதியாக இருக்கும். போகுமுன் மடிக்கணினியில் ஏதோ இரண்டு பாடங்களை இறக்கி வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. கோப்பின் பெயர் மட்டும் தமிழில் இருந்தது: ‘அண்ணிக்கு’.

ஜூன் 11, புதன்

நுண்ணோக்கி அறையின் கணினி காலையிலிருந்து உயிரற்றுக் கிடக்கிறது. ஆஃப்-ஆன் இரண்டு முறை அணைத்துப் போட்டும் பலனில்லை. பதினொரு மணிவாக்கில் வானொலி என் ஜன்னலறைக்கு வந்து நின்றாள். ஏப்ரலுக்குப் பிறகு இவ்வளவு அருகில் வந்ததில்லை.

“ஒரு ரிசல்ட் ஏத்தணும். அஞ்சு நிமிஷம்.”

எழுந்து இடம் விட்டேன். திரையில் என் பெயர் நின்றது. முதலில் அதை அகற்றித் தன் பெயரைத் தேர்ந்தாள். பிறகு விரல்களை விசைகளின்மேல் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அந்தப் பக்கம் திரும்புங்க.”

“என்ன?”

“திரும்புங்கன்னேன். பாஸ்வேர்டு போடப் போறேன்.”

வெளியே குப்பிகளோடு எட்டுப் பேர் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு துணிச்சல். என்னைப் போய்.

திரும்பினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால், தாளைப் பார்த்துத் தட்டுபவர்களின் தயக்கம் ஏதுமின்றி, விறுவிறுவென்று பதினாறு தட்டல்கள் கேட்டன.